கூடையை இறக்கி வைத்துப் பேசுவோம்



சம்பள நாள் பின்னேரம் லயத்துப் பக்கம் ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஒரு வீட்டில் கோழிக்கறி வாசம். அடுத்த வீட்டில் சண்டைச் சத்தம். என்ன சண்டை? கடைக்கணக்கு முந்நூறு ரூபா கூடிப் போச்சு, சீட்டுக்காசு கட்டுறதா மகனுக்குச் சப்பாத்து வாங்குறதா, தீபாவளி முற்பணம் எங்கே போச்சு... தொடங்கும்போது காரணம் சின்னதுதான். அரை மணித்தியாலத்தில் பத்து வருடத்துக் கதை எல்லாம் வெளியே வந்துவிடும். அடுப்பில் சோறு கருகும். பிள்ளைகள் மூலையில் ஒடுங்கிப் போவார்கள். அடுத்த நாள் பெரட்டுக் களத்தில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்பார்கள்.

"எனக்குக் கோபம் வந்தா கண்ணு தெரியாது" என்று நம்மில் பலர் ஏதோ பெருமையான விஷயம் போலச் சொல்லிக்கொள்வதுண்டு. கண்ணைத் தெரிய வைக்க முடியும். ஆனால் அதற்குப் பழக்கம் வேண்டும். கொழுந்தெடுக்கப் போன முதல் நாளே யாரும் கூடை நிறைய எடுத்து வந்ததில்லை. பக்கத்து நிரையில் நின்ற அக்காவோ அத்தையோ கையைப் பிடித்துக் காட்டித்தான் விரல் பழகியது. மனசும் அப்படித்தான். தனியாக உட்கார்ந்து "இனிமேல் கோபப்பட மாட்டேன்" என்று சத்தியம் செய்தால் அது இரண்டு நாள்கூட நிற்காது. நாலு பேரோடு சேர்ந்து, விளையாட்டுப் போலப் பழகினால் நிற்கும். அப்படிக் குழுவாகச் செய்யக்கூடிய சில பயிற்சிகளைத்தான் இந்த இதழில் விளக்குகிறோம்.

இது புதுக் கதையா?

பெயர் மட்டும் புதிது. 1990 ஆம் ஆண்டில் பீற்றர் சலோவே, ஜோன் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 'மனவெழுச்சி நுண்ணறிவு' என்ற ஒன்றைப் பற்றி எழுதினார்கள். தன் மனதில் என்ன எழுகிறது என்று அறிவது, அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று அறிவது, அறிந்ததை வைத்து நடந்துகொள்வது - சுருக்கமாக இவ்வளவுதான். 1995 இல் டானியல் கோல்மன் இதே பெயரில் எழுதிய நூல் உலகம் முழுக்கப் பரவியது. உலக சுகாதார ஸ்தாபனமும் 1990களில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வேண்டிய பத்து வாழ்க்கைத் திறன்களைச் சொன்னபோது, தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், மனவெழுச்சியைக் கையாளுதல், மன அழுத்தத்தைக் கையாளுதல் ஆகியவற்றை அதில் சேர்த்தது. நம்முடைய தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. சிரிப்பு, அழுகை, பயம், கோபம், வியப்பு, இழிவு, பெருமிதம், மகிழ்ச்சி என்று எட்டு வகையாகப் பிரித்து, அவை எதனால் பிறக்கின்றன என்றும் அது சொல்கிறது. ஆகவே "இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு" என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனதைக் கையாளுவது என்றால் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு போவது என்று அர்த்தம் இல்லை. சம்பளம் பத்தாத வீட்டில் கவலை வருவது நியாயம். கூரை ஒழுகினால் எரிச்சல் வருவதும் நியாயம். அந்தக் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளையின் முதுகில் போய் இறங்குகிறதே, அதைத்தான் மாற்றப் பார்க்கிறோம்.

கோபத்துக்கு வேறு பெயர்

முதல் பயிற்சிக்கு ஒரு சதமும் செலவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் போதும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளை மடுவத்திலோ கோயில் மண்டபத்திலோ வட்டமாக உட்காருங்கள். நாற்காலி வேண்டாம். நாற்காலி போட்டால் யாராவது ஒருவர் தலைவராகிவிடுவார்.

ஒவ்வொருவரும் போன கிழமை தமக்குக் கோபம் வந்த ஒரு நேரத்தைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: 'கோபம்' என்ற சொல்லைப் பாவிக்கக் கூடாது. வேறு பெயர் சொல்ல வேண்டும். முதலில் எல்லோரும் திணறுவார்கள், சிரிப்பார்கள். பிறகு வரும். மகன் டியூசன் முடிந்து இருட்டிய பிறகு வந்தான், வாசலிலேயே அடித்தேன். அது என்ன? கொஞ்சம் யோசித்தால், பயம். கடைக்காரர் நாலு பேர் முன்னால் பழைய பாக்கியைக் கேட்டார், வீட்டுக்கு வந்து பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன். அது? வெட்கம், அவமானம். கொழும்பில் வேலை செய்யும் மகள் இரண்டு கிழமையாகப் பேசவில்லை, மூத்தவனோடு சண்டை பிடித்தேன். அது ஏக்கம். மலையில் இருந்து களைத்து வந்தேன், வீட்டில் ஒருவரும் ஒரு தேத்தண்ணி ஊற்றித் தரவில்லை. அதற்கு மனத்தாங்கல் என்று ஓர் அருமையான சொல் நம்மிடமே இருக்கிறது.

எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் முகம் வரைந்து காட்டலாம். பெரியவர்கள் வரையும் முகங்களைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பெயர் வைப்பதால் என்ன நடக்கும் என்று கேட்கலாம். 2007 இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு பரிசோதனை செய்தார்கள். கோபமான, பயந்த முகங்களின் படங்களை ஆட்களுக்குக் காட்டி, அவர்களுடைய மூளையையும் ஒரே நேரத்தில் படம் பிடித்தார்கள். அந்த முகத்தில் இருப்பது என்ன உணர்ச்சி என்று சொல்லைத் தெரிந்தெடுத்தபோது, மூளையில் ஆபத்து மணி அடிக்கும் பகுதியின் வேகம் குறைந்தது. பெயர் தெரிந்தவுடன் செய்யும் வேலையும் மாறுகிறது. மகன் மேல் வந்தது கோபம் என்றால் கை ஓங்கும். பயம் என்று தெரிந்தால், "இவ்வளவு நேரம் எங்கப்பா இருந்த? அம்மா பயந்து போயிட்டேன்" என்று வாய் சொல்லும். அடிக்கு ஓடும் பிள்ளை இந்தச் சொல்லுக்குக் கிட்ட வரும்.

கூடைக்குள் கல்

இரண்டாவது பயிற்சி பெண்களுக்கு உடனே பிடிபடும். ஒரு கொழுந்துக் கூடை, ஒரு குவியல் கல். ஒருவர் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் தன் மனதில் உள்ள பாரம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நிற்பவர் ஒரு கல்லை எடுத்துக் கூடையில் போடுவார். அடகு வைத்த தோடு - ஒரு கல். மாமியாரின் நோய் - ஒரு பெரிய கல். ஓ.எல். எழுதும் மகளின் படிப்பு - இன்னொரு கல். மழைக்காலம் வரப்போகிறது, லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேடு - அதற்கும் ஒன்று. பாரம் கூடக்கூடக் கழுத்தில் கயிறு இறுகுவது தெரியும். நாள் முழுக்கக் கூடை சுமப்பவருக்குக்கூட அந்த நேரம் கண் கலங்கும்.

இப்போதுதான் முக்கியமான வேலை. வட்டத்தில் இருப்பவர்கள் கூடையைத் தூக்கி இறக்கி வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கேட்க வேண்டும்: "இதை யாராவது கூடச் சேர்ந்து தூக்கலாமா?" அடகு வைத்த தோட்டை வட்டம் மீட்டுத் தராது. ஆனால் மாமியாரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக அடுத்த காம்பராத் தங்கச்சி ஒரு நாள் வரலாம். மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க மேல் லயத்துத் தம்பி இருக்கிறான். மண்மேட்டுக் கதையை எல்லோரும் சேர்ந்து தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் எழுத்தில் கொடுக்கலாம். அது ஒரு வீட்டுக் கல்லே இல்லை, லயத்துக்கே பொதுவான கல். யாராலும் தூக்க முடியாத கல் ஒன்றிரண்டு மிஞ்சும். அவற்றைப் பற்றிப் புத்தி சொல்லக் கூடாது. "கடவுள் பாத்துக்குவாரு" என்று அவசரப்பட்டு மூடவும் கூடாது. "பாரமாத்தான் இருக்கும் அக்கா" என்று சொன்னால் போதும்.

உண்மையைச் சொன்னால், புத்தி சொல்லாமல் இருப்பதுதான் இந்தப் பயிற்சியிலேயே கஷ்டமானது. ஆண்கள் குழுவில் இது இன்னும் கஷ்டம். ஒருவர் வாய் திறந்தவுடன் மூன்று பேர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அதற்காக ஒரு வழி: இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒருவர் இரண்டு நிமிடம் பேச, மற்றவர் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். முடிந்ததும் கேட்டவர், "நீங்க சொன்னது இதுதானே அண்ணே" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ஆமா, அதேதான்" என்று ஒத்துக்கொள்ளும்வரை அடுத்தவருடைய முறை வராது.

நில்லுங்க! நான் வாறேன்

காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் விடிய விடிய ஆடிய மலையகத்துக்கு நாடகம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே இந்த மூன்றாவது பயிற்சி மற்ற இடங்களைவிட நம் தோட்டங்களில் நன்றாக எடுபடும் என்பது எமது எண்ணம். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகுஸ்தோ போவால் 1970களில் இலத்தீன் அமெரிக்க ஏழை மக்கள் மத்தியில் வளர்த்தெடுத்த முறை இது. பார்க்க வந்தவர்களே எழுந்து வந்து கதையை மாற்றி நடிப்பார்கள்.

ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். பின்னேரம் கொழுந்து நிறுக்கிறார்கள். ஒரு பெண் பத்தொன்பது கிலோ இருக்கும் என்று நினைத்துக் கூடையை வைக்கிறாள். பதினாறு என்று எழுதப்படுகிறது. "ஈரம், கூடைப் பாரம், எல்லாம் கழிச்சாச்சு. அடுத்த ஆள் வா." அவள் ஒன்றும் பேசாமல் வருகிறாள். வீட்டுக்கு வந்ததும் சின்ன மகள், "அம்மா, நாளைக்கு ஸ்கூலுக்குக் கொப்பி வேணும்" என்கிறாள். பளீர் என்று ஓர் அறை. கதை அவ்வளவுதான். முதல் தடவை இதை அப்படியே நடித்துக் காட்ட வேண்டும்.

இரண்டாம் தடவை அதே கதை. இம்முறை பார்த்துக்கொண்டிருப்பவர்களில் யாரும், எந்த இடத்திலும், "நில்லுங்க!" என்று கத்தலாம். கத்தியவர் எழுந்து வந்து அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று வேறு மாதிரி நடித்துக் காட்ட வேண்டும். ஓர் இளைஞன் வருவான், தராசைத் தட்டிவிட்டுச் சண்டை பிடிப்பான். கணக்கப்பிள்ளையாக நடிப்பவர் விடுவாரா? "அப்ப நாளைக்குப் பெரட்டுக்கு வராத." எல்லோரும் கைதட்டுவார்கள், ஆனால் கொழுந்துக் கணக்கு அப்படியே இருக்கும். அடுத்து ஓர் அக்கா வருவார். கூடையை எடுக்காமல், பக்கத்தில் இரண்டு பேரை நிறுத்திக்கொண்டு, "ஐயா, எதுக்கு எவ்வளவு கழிச்சீங்கன்னு துண்டுல எழுதித் தாங்க. எல்லாருக்கும் ஒரே கணக்கா?" என்று மெதுவாகக் கேட்பார். குரல் உயரவில்லை, ஆனால் இடத்தை விட்டு அசையவும் இல்லை. இன்னொருவர் தலைவரிடம் போவார். வேறொருவர் நிறுக்கும் இடத்துக்கதையைத் தொடாமல் வீட்டுக் காட்சியை மட்டும் மாற்றுவார்: "அம்மாவுக்கு இன்னைக்கு மனசு சரியில்ல புள்ள. உன் மேல கோபம் இல்ல. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு கொப்பி கதை பேசுவோம்."

ஒவ்வொன்றுக்குப் பிறகும் நிறுத்திப் பேசுங்கள். எது நடக்கக் கூடியது? எதைச் செய்தால் வேலைக்கு ஆபத்து? அவளுடைய உடம்பில் கோபம் முதலில் எங்கே தெரிந்தது - கையிலா, தொண்டையிலா? கணக்கப்பிள்ளையாக நடித்தவரையும் கேளுங்கள். "அந்த அக்கா மெதுவாக் கேட்டப்பதான் எனக்குப் பதில் வரல்ல" என்று அவரே சொல்லக்கூடும்.

போவால் முறையில் ஒரு சட்டம் உண்டு. அநியாயம் செய்பவரைத் திடீரென்று நல்லவராக மாற்றிக் கதையை முடிக்கக் கூடாது. அது மந்திர வித்தை. உண்மையில் அப்படி நடப்பதில்லை. கஷ்டப்படுபவர் தன் கையில் உள்ளதை வைத்து என்ன செய்யலாம் என்றுதான் தேட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. குடித்துவிட்டு அடிக்கும் கணவன் கதையைப் பலர் நடிக்க விரும்புவார்கள். வட்டத்தில் உண்மையாகவே அடி வாங்கும் பெண் இருந்து, அடிக்கும் ஆளும் அங்கே உட்கார்ந்திருந்தால் அந்தக் கதையை எடுக்காதீர்கள். அன்று இரவு அவள்தான் அதற்கு விலை கொடுப்பாள். அதைப் பெண்கள் குழுவில் தனியாகப் பேசுங்கள்.

பிள்ளைகளுக்குத் தப்பு அடியுங்கள்

சின்னப் பிள்ளைகளிடம் பேச்சு எடுபடாது, விளையாட்டுத்தான். தப்பு அடிக்கும்போது ஆட வேண்டும், நின்றதும் சிலை போல நிற்க வேண்டும். கொஞ்சம் பழகியதும் சட்டத்தை மாற்றுங்கள்: வேகமாக அடித்தால் மெதுவாக நட, மெதுவாக அடித்தால் வேகமாக ஓடு. உடம்பு ஒன்றைச் செய்யத் துடிக்கும்போது அதைப் பிடித்து நிறுத்தப் பழகுவதுதான் தன்னடக்கத்தின் முதல் பாடம். தப்பு இல்லாவிட்டால் தகர டின் போதும்.

பிள்ளை பொறுமை இல்லாமல் இருக்கிறது என்று குறைப்படும் பெற்றோர் இதையும் கேளுங்கள். அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2012 இல் வெளிவந்த ஆய்வில் 28 சின்னப் பிள்ளைகளிடம், "நல்ல கலர் பென்சில் கொண்டு வந்து தருகிறேன்" என்று பெரியவர் ஒருவர் வாக்குக் கொடுத்தார். பாதிப் பிள்ளைகளுக்குக் கொண்டு வந்தார். மற்றப் பாதிக்கு, "மன்னிச்சுக்கோ, இல்லை" என்றார். பிறகு எல்லோருக்கும் ஓர் இனிப்பு வைத்து, "நான் வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டாவது ஒன்று தருவேன்" என்றார். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் பொறுத்தது 3 நிமிடம். அதில் என்ன பிழை? வருமா வராதா என்று தெரியாத இடத்தில் கையில் இருப்பதை உடனே தின்பதுதானே புத்தி!

"சம்பளத்துக்கு வாங்கித் தாறேன்" என்று நாம் எத்தனை தடவை சொல்கிறோம்? சம்பளம் வந்ததும் கடைக்கணக்கு வாங்கிக்கொண்டு போய்விடும். அது நம் குற்றம் இல்லை. அதனால் பெற்றோர் குழுவுக்கு ஒரு பயிற்சி: பணம் தேவைப்படாத ஒரு சின்ன வாக்கை இந்தக் கிழமை பிள்ளைக்குக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தலை பின்னி விடுவேன். புதன்கிழமை இரவு ஒரு கதை சொல்வேன். பீலிக்குப் போகும்போது உன்னையும் கூட்டிப் போவேன். சொன்ன நாளில், சொன்னபடி. அடுத்த கூட்டத்தில் செய்தவர்கள் கையைத் தூக்க வேண்டும். தகப்பன்மார் கையைத் தூக்கும்போது வட்டத்தில் ஒரு சத்தம் எழும், கேட்டுப் பாருங்கள்.

ஆறும் இடம்

கடைசியாகச் சொல்வது சின்னப் பயிற்சி, ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமாக நடந்த நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. கடும் நஞ்சுள்ள பூச்சிநாசினிகள் சில 1995 இலும் 1998 இலும் தடைசெய்யப்பட்ட பின்னர், 2005 அளவில் அந்த மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகின. மனிதர்களுக்குக் கவலை பாதியாகிவிடவில்லை. சண்டையின் சூட்டில் எடுத்த முடிவுக்குக் கையெட்டும் தூரத்தில் கொடிய நஞ்சு இல்லாமல் போனது, அதனால் பலர் பிழைத்து, சூடு ஆறி, இன்றும் வாழ்கிறார்கள். வீட்டில் மருந்தடிக்கும் போத்தல் இருந்தால் பூட்டி வையுங்கள். அந்தச் சில நிமிடங்களைக் கடப்பதுதான் காரியம்.

குழுவில் ஒவ்வொருவரும் தம்முடைய 'ஆறும் இடத்தை' முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சூடு ஏறினால் நான் எங்கே போவேன்? பீலிக்கரையா, கோயில் மரத்தடியா, மரக்கறிப் பாத்தியா? அங்கே போய் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக, மெதுவாகச் செய்யுங்கள். நெஞ்சுத் துடிப்பு தணியும். உடம்பு அடங்கக் குறைந்தது இருபது நிமிடம் கொடுங்கள். கணவன் மனைவிக்குள் ஒரு குறிப்புச் சொல் இருக்கட்டும். "தண்ணிக்குப் போயிட்டு வாறேன்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் பின்னால் போய்ப் பேச்சைத் தொடரக் கூடாது. போனவர் கட்டாயம் திரும்பி வந்து விட்ட இடத்தில் இருந்து பேச வேண்டும். தவறணைக்குப் போவது இந்தக் கணக்கில் சேராது.

யார் நடத்துவது?

சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர், குடும்பநல உத்தியோகத்தர், இளைஞர் கழகத்தார், மாதர் சங்கத்தார் - பொறுமையாகக் கேட்கத் தெரிந்த யாரும் நடத்தலாம். ஒரு கூட்டத்துக்கு ஒரு பயிற்சி, ஒரு மணித்தியாலம் போதும். சம்பள நாளில் வைக்காதீர்கள், ஒருவரும் வர மாட்டார்கள். வட்டத்தில் கேட்டது வட்டத்தோடு நிற்க வேண்டும். பீலிக்கரைக்குப் போனால் அடுத்த கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பேச விரும்பாதவர் "அடுத்த ஆள்" என்று சொல்லிவிட்டு இருக்கலாம், காரணம் கேட்கக் கூடாது.

ஆனால் ஒரு பிள்ளைக்கு யாரோ தீங்கு செய்வதாகத் தெரிந்தால் அது இரகசியம் இல்லை. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். அடி உதை தாங்க முடியாத பெண்களுக்கு 1938. உயிரை விடும் எண்ணத்தை யாராவது வாய்விட்டுச் சொன்னால் விளையாட்டாக எடுக்காமல், அவரைத் தனியே விடாமல், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் பேசலாம். இந்த மூன்று இலக்கங்களையும் ஒரு மட்டையில் பெரிதாக எழுதிப் பிள்ளை மடுவத்துச் சுவரில், எல்லோர் கண்ணிலும் படும் உயரத்தில் ஒட்டிவிடுங்கள்.